வில்கபம்பா: நூறு வயதுக்காரர்களின் ஊரும் ஒரு வகுத்தல் கணக்கும்

மொத்தம் 819 பேர். அதில் ஒன்பது பேர் நூறு வயதைத் தாண்டியவர்கள். ஈக்வடாரின் தென்கோடி மலைக் கிராமமான வில்கபம்பாவைப் பற்றி 1971-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு சொன்னது இது. லட்சத்துக்குக் கணக்கிட்டால் ஏறத்தாழ 1,100 பேர் வருகிறது. அதே காலத்தில் பணக்கார நாடுகளில்கூட இந்த எண் லட்சத்துக்கு ஒற்றை இலக்கத்தில்தான் இருந்தது. அறுபது வயதைக் கடந்தவர்கள் வில்கபம்பாவில் 16.4 விழுக்காடு, ஈக்வடாரின் கிராமப்புறம் முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் 6.4 விழுக்காடுதான்.

ஹார்வர்டு மருத்துவப் பேராசிரியர் அலெக்சாண்டர் லீஃப், 1973 ஜனவரி நேஷனல் ஜியாகிரஃபிக் இதழில் இந்த ஊரை, நீண்ட ஆயுளுக்குப் பேர்பெற்ற ஹுன்சா, காக்கசஸ் மலைப்பகுதிகளுக்குப் பக்கத்தில் வைத்து எழுதினார். அதன்பிறகு வந்தவர்களெல்லாம் ஆளுக்கொரு காரணம் கண்டுபிடித்தார்கள். ஆற்றுத் தண்ணீரில் இருக்கும் கனிமம் என்றார் ஒருவர். மலைக்காற்று என்றார் இன்னொருவர். குறைந்த சாப்பாடு, ஓயாத உழைப்பு, பரம்பரை ரத்தம் என்று பட்டியல் நீண்டது. விளக்கங்கள் வரிசை கட்டி நின்றன. விளக்கப்பட வேண்டிய எண் சரிதானா என்று பார்க்கத்தான் ஆளில்லை. இந்த ஊரின் நிலவியலும் மக்கள்தொகையும் ஒன்றையொன்று எப்படி மாற்றின என்று தெரிந்தால், ஒன்பது பேரும் 16.4 விழுக்காடும் எங்கிருந்து வந்தன என்பது புரிந்துவிடும்.

எந்த வில்கபம்பா?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். இன்கா அரசின் கடைசிக் கோட்டையாக 1572 வரை தாக்குப்பிடித்த வில்கபம்பா பெரு நாட்டில், குஸ்கோவுக்கு அப்பால் இருக்கிறது. நாம் பேசுவது அதைப் பற்றியல்ல. ஈக்வடாரின் லோஹா மாகாணத்தில், நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே நாலேகால் பாகையில், கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் கிராமம் இது. அரசு ஆவணங்களில் இதன் பெயரோடு ‘விக்டோரியா’ என்றும் ஒட்டியிருக்கும். ‘வில்கா’ என்றால் கெச்சுவா மொழியில் புனிதமானது. ‘பம்பா’ என்றால் சமவெளி. வில்கோ என்றொரு மரமும் இந்தப் பள்ளத்தாக்கில் தானாக வளர்கிறது. பெயர் புனிதத்திலிருந்து வந்ததா, மரத்திலிருந்து வந்ததா என்று கேட்டால் இரண்டும் ஒன்றுதான்: அந்த மரத்தின் விதைப்பொடி சடங்குகளில் பயன்பட்டதால்தான் மரத்துக்கே அந்தப் பெயர்.

மாகாணத் தலைநகரான லோஹா நகரத்திலிருந்து தெற்கே சுமார் 40 கிலோமீட்டர். தூரம் சின்னதுதான், ஆனால் இடையில் ஒரு நீர்ப்பிரிமேட்டைத் தாண்ட வேண்டும். லோஹா நகரம் சுமார் 2,060 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே ஓடும் சமோரா ஆறு கிழக்கே திரும்பி அமேசானில் போய்ச் சேர்கிறது. கஹனூமா கணவாயை ஏறி இறங்கியதும் எல்லா ஓடைகளும் எதிர்த்திசையில் ஓடுகின்றன. மலகாத்தோஸ், சான் பெத்ரோ ஆகிய ஊர்களைக் கடந்து வில்கபம்பா வந்தால், சாம்பா, உச்சிமா என்ற இரண்டு ஓடைகள் கூடி வில்கபம்பா ஆறாகின்றன. அந்த ஆறு கீழே கட்டமாயோ, சிரா என்று பெயர் மாற்றிக்கொண்டு பெருவின் பாலைவனக் கரை வழியாகப் பசிபிக்கில் கலக்கிறது. ஒரு மணி நேரப் பேருந்துப் பயணத்துக்குள் கண்டத்தின் முதுகெலும்பையே தாண்டிவிடலாம். ஆண்டீஸில் எல்லா இடத்திலும் இப்படி முடியாது. தெற்கு ஈக்வடாரில் மலைத்தொடர் தாழ்ந்து, உடைந்து கிடப்பதால்தான் இது சாத்தியம். பனிமூடிய சிகரமோ உயிருள்ள எரிமலையோ இந்தப் பக்கம் கிடையாது.

கஹனூமா காட்டுக்கு இன்னொரு வரலாறும் உண்டு. மலேரியாவுக்கு மருந்தான சிங்கோனா மரத்தைப் பார்க்க 1737-இல் பிரெஞ்சு அறிவியலாளர் லா கொந்தாமின் இங்கேதான் வந்தார். 1860-களில் நீலகிரித் தோட்டங்களுக்குப் போன சிங்கோனா விதைகளில் ஒரு பகுதியும் லோஹா மலைகளில் எடுத்ததுதான்.

எப்போதும் வசந்தம், ஆனால் மழை மட்டும் உறுதியில்லை

இங்கே ஆண்டு முழுக்க பகலில் வெப்பம் 25, 26 பாகை செல்சியஸ். இரவில் 15-ஐ ஒட்டி. ‘நிரந்தர வசந்தம்’ என்று சுற்றுலா விளம்பரம் சொல்வது மிகையில்லை. காரணமும் எளிதானது. நிலநடுக்கோட்டுக்கு இவ்வளவு அருகில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசமே அரை மணி நேரம்தான். அதனால் பருவத்துக்குப் பருவம் வெப்பம் மாற வழியில்லை. ஒரு கிலோமீட்டர் மேலே ஏறினால் வெப்பம் ஆறரை பாகை குறையும் என்ற பொதுக் கணக்கில் 1,500 மீட்டர் உயரம் கடற்கரை வெக்கையில் பத்துப் பாகையைக் கழித்துவிடுகிறது. குளிர்காலம், கோடை என்ற வேறுபாடு ஆண்டுக்குள் இல்லை. ஒரே நாளுக்குள் இருக்கிறது.

மழை அப்படியில்லை. ஊருக்குக் கிழக்கே உயர்ந்து நிற்கும் தொடர் 1982 முதல் பொடோகார்பஸ் தேசியப் பூங்கா. அமேசான் பக்கத்திலிருந்து வரும் ஈரக்காற்று அந்தத் தொடரின் கிழக்குச் சரிவிலேயே பல ஆயிரம் மில்லிமீட்டர் மழையைக் கொட்டிவிடுகிறது. முகட்டைத் தாண்டி இறங்கும்போது காற்று வறண்டு, சூடேறி, பலமாக அடிக்கிறது. வில்கபம்பா இந்த மழைமறைவில் இருக்கிறது. ஊருக்கு மழை அக்டோபரிலிருந்து ஏப்ரல், மே வரை. ஜூனிலிருந்து செப்டம்பர் வரை வறட்சி. ஜூலை, ஆகஸ்டில் வயலில் புழுதி பறக்கும். நிமிர்ந்து கிழக்கே பார்த்தால் முகட்டில் கருமேகம் அப்பியிருக்கும். அங்கே பெய்வது ஓடையில் வருமே தவிர வயலில் விழாது.

ஆகவே இந்த ஊரில் விவசாயம் என்றால் வாய்க்கால். மேலே ஓடையை மறித்து, சரிவின் விளிம்பு வழியாகத் தண்ணீரைக் கொண்டுவந்து, முறை வைத்துப் பாய்ச்சுகிறார்கள். ஆற்றுப் படுகையை ஒட்டிய சமதளத் திட்டுகளில் கரும்பு, வாழை, அதற்கு மேலே மக்காச்சோளம், பீன்ஸ், மரவள்ளி, நிழலில் காப்பி. கரும்பு ஆலையில் பிழிந்து வெல்லமாகும், அல்லது சாராயமாகும். வாழைக்காயையும் பாலாடைக்கட்டியையும் சேர்த்துக் காய்ச்சும் ‘ரெப்பே’ என்ற சாறு லோஹா பகுதியின் அன்றாட உணவு. வாய்க்கால் மட்டத்துக்கு மேலே உள்ள சரிவு முழுவதும் மாடு மேயும் புல்லும் முள்மரமும்தான். நல்ல நிலம் என்பது ஒரு குறுகிய நாடா. அது யார் கையில் இருக்கிறது என்பதுதான் இந்த ஊரின் மக்கள்தொகையைத் தீர்மானித்தது.

மண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. வடக்கு ஈக்வடாரில் எரிமலைச் சாம்பல் தந்த கறுத்த மண் இங்கே இல்லை. மலகாத்தோஸும் வில்கபம்பாவும் உட்கார்ந்திருப்பது, பல லட்சம் ஆண்டுகளுக்கு முந்தைய மயோசின் காலத்தில் ஏரியும் ஆறும் நிரப்பிய ஒரு பள்ளத்தில். களிமண், மணற்கல், கூழாங்கல் பாறை என்று அடுக்கடுக்காக இருக்கிறது. ஊருக்கு மேலே படுத்திருக்கும் மனித முகம் போலத் தெரியும் மண்டாங்கோ மலை அந்தக் கூழாங்கல் பாறை அரிந்து எஞ்சியதுதான். களிமண் அடுக்கு மழையில் ஊதும், வெயிலில் வெடிக்கும். சரிவின் அடியை வெட்டிச் சாலை போட்டால், அடுத்த மழைக்கு மேலே இருப்பது வழுக்கி இறங்கும். லோஹாவிலிருந்து தெற்கே சும்பா வரை போகும் சாலை மழைக்காலத்தில் அடிக்கடி மூடப்படுவதற்கு இதுதான் காரணம். பல தலைமுறைகளுக்கு இந்த ஊர் வெளியுலகிலிருந்து விலகியிருந்ததற்கும் இதுவே பாதிக் காரணம்.

ஊர் என்றால் எதுவரை?

இனி மக்கள். வில்கபம்பாவின் மக்கள்தொகை என்று இணையத்தில் தேடினால் சில நூறிலிருந்து ஐந்தாயிரம் வரை எண்கள் கிடைக்கும். எல்லாமே ஏதோ ஒரு விதத்தில் சரி. ஈக்வடாரில் மாகாணத்துக்குக் கீழே கந்தோன், அதற்குக் கீழே பரோக்கியா என்று நிர்வாகப் பிரிவு. கோயில் பங்குக்கும் அரசுப் பிரிவுக்கும் ஸ்பானியத்தில் ஒரே சொல்தான், எல்லைகள்தான் வேறாகலாம். வில்கபம்பா பரோக்கியா என்பது சதுக்கத்தைச் சுற்றிக் கட்டம் கட்டமாக அமைந்த நடு ஊர் மட்டும் இல்லை. யம்புராரா, குகனமா, இஷ்கய்லூமா, மோயேபம்பா என்று பள்ளத்தாக்கிலும் சரிவிலும் சிதறிய பல குடியிருப்புகளும் சேர்ந்ததே பரோக்கியா. 2010 கணக்கெடுப்பில் பரோக்கியா முழுவதற்கும் சுமார் 4,800 பேர். 1971-இன் 819 என்பதோ நடுக் கிராமத்தின் எண்ணிக்கை.

இந்த வேறுபாட்டில்தான் முதல் பிழை ஒளிந்திருக்கிறது. விகிதம் என்பது மேலே ஒரு எண், கீழே ஒரு எண். கீழே இருக்கும் எண்ணை எந்த எல்லைக்குள் எண்ணினோமோ, மேலே இருப்பவர்களும் அதே எல்லைக்குள் பிறந்து, வளர்ந்து, மூப்படைந்தவர்களாக இருக்க வேண்டும். மலைக் குடியிருப்பில் ஐம்பது ஆண்டு உழைத்தவர், முழங்கால் விட்டுப்போனதும் கோயிலும் கடையும் பேருந்தும் இருக்கும் நடு ஊருக்கு மகள் வீட்டோடு வந்துவிடுகிறார். கணக்கெடுப்பவர் அவரை நடு ஊர்க்காரராக எழுதிக்கொள்கிறார். அவரோடு பிறந்து முப்பது வயதில் செத்தவர்களும் ஊரை விட்டுப் போனவர்களும் அந்தத் தாளில் எங்கும் இல்லை.

இளைஞர்கள் எங்கே போனார்கள்?

இருபதாம் நூற்றாண்டின் நடுவில் லோஹாவின் நல்ல நிலங்கள் பெரும்பாலும் பண்ணையார்களிடம் இருந்தன. உழுதவர்களுக்கு ‘அர்ரிமாதோ’ என்று பெயர்: ஒரு துண்டு நிலத்தில் பயிரிட்டுக்கொள்ள அனுமதி, பதிலுக்குப் பண்ணையில் இத்தனை நாள் கூலியில்லா உழைப்பு. 1964-இல் நிலச்சீர்திருத்தச் சட்டம் வந்தது. கூடவே 1960-களின் பின்பாதியில் லோஹா மாகாணத்தையே காயவைத்த வறட்சியும் வந்தது. 1968 அதன் உச்சம். மழைமறைவுப் பள்ளத்தாக்கில் ஓடையும் வற்றினால் வாய்க்கால் வெறும் பள்ளம்தான். சட்டம் கையில் காகிதம் கொடுக்கும் முன்பே பல குடும்பங்களில் வேலை செய்யும் வயதினர் கிளம்பிவிட்டார்கள். சிலர் தலைநகர் கீத்தோவுக்கும், சிலர் மேற்குத் தாழ்நிலத்தில் சான்டோ தொமிங்கோவுக்கும் போனார்கள். அமேசான் எண்ணெய் வயல்கள் பக்கம் போனவர்களும் உண்டு. வடகிழக்கு எல்லையில் லாகோ அக்ரியோ என்று உலகம் அறிந்த எண்ணெய் நகரத்தின் அதிகாரப்பூர்வப் பெயர் ‘நுவேவா லோஹா’, அதாவது புதிய லோஹா. போனவர்கள் எத்தனை பேர் என்பதற்கு அந்தப் பெயர்ப்பலகையே சாட்சி.

இதைக் கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். இது உண்மைத் தரவு இல்லை, கற்பனை ஊர்தான். ஆயிரம் பேர் உள்ள கிராமம். நாட்டின் கிராமப்புறச் சராசரிப்படி 64 பேர் அறுபதைக் கடந்தவர்கள், அதாவது 6.4 விழுக்காடு. வறட்சியில் 400 இளையவர்கள் குழந்தை குட்டிகளோடு போய்விட்டார்கள். மீதி 600. அதே 64 பேர் இப்போது 10.7 விழுக்காடு. சுற்றுக் குடியிருப்புகளிலிருந்து 40 முதியவர்கள் நடு ஊருக்கு வந்து சேர்கிறார்கள். 640-க்கு 104 என்றால் 16 விழுக்காட்டைத் தாண்டிவிட்டது. ஒருவருடைய ஆயுளும் ஒரு நாள்கூட நீளவில்லை. வில்கபம்பாவில் நடந்தது துல்லியமாக இதே எண்ணிக்கையில் என்று சொல்ல முடியாது. ஆனால் 6.4-க்கும் 16.4-க்கும் நடுவிலுள்ள பள்ளத்தை நிரப்பத் தண்ணீரில் கனிமம் தேட வேண்டியதில்லை. புலம்பெயர்வு ஒன்றே போதும் என்பது தெரிகிறது.

ஒன்பது பேர் விஷயம் வேறு

புலம்பெயர்வு அறுபது வயதுக்காரர்களின் விகிதத்தை விளக்கும். நூறு வயதுக்காரர்களை விளக்காது. அதற்கு வயது எப்படிச் சொல்லப்பட்டது என்று பார்க்க வேண்டும்.

சந்தேகம் முதலில் வந்தது லீஃபுக்கே. முன்பு 121 வயது என்று சொன்ன முதியவரை சில ஆண்டுகள் கழித்து மறுபடி பார்த்தபோது, கடந்துபோன ஆண்டுகளைவிட அவருடைய வயது கூடுதலாக ஏறியிருந்தது. எலும்பின் அடர்த்தியை ஆராயும் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் மேசஸும், மானிடவியலாளர் சில்வியா ஃபோர்மனும் ஊரின் பதிவேடுகளை முழுமையாகத் துருவினார்கள். மேசஸுக்கு வயது ஏன் முக்கியம்? 86 வயது எலும்பை 105 வயது என்று குறித்துவிட்டால், மூப்பில் எலும்பு தேய்வதே இல்லை என்ற முடிவு வந்துவிடும். இதயத்துக்கும் ரத்த அழுத்தத்துக்கும் இதே கதைதான். வயது ஒன்று தப்பினால் அதன் மேல் ஏற்றிய மருத்துவ முடிவு அத்தனையும் தப்பும்.

பதிவேட்டில் ஒருவரைக் கண்டுபிடிப்பது பெயரைத் தேடுவதோடு முடிகிற வேலை இல்லை. சிறிய பள்ளத்தாக்கு, குடும்பப் பெயர்கள் கொஞ்சம், புனிதர்களின் பெயர்களும் கொஞ்சம். தாத்தா பெயர் பேரனுக்கு, சித்தப்பா பெயர் அண்ணன் மகனுக்கு. கைக்குழந்தையாகச் செத்த அண்ணனின் பெயரையே அடுத்துப் பிறந்த தம்பிக்கு வைப்பதும் உண்டு. ஞானஸ்நானப் பதிவேட்டில் பெயரை மட்டும் பார்த்தால் செத்துப்போன அண்ணனின் பதிவு கிடைக்கும். ஆள் உட்கார்ந்த இடத்திலேயே ஐந்து, பத்து ஆண்டு மூத்துவிடுவார். தாத்தாவின் பதிவு சிக்கினால் ஐம்பது ஆண்டு. இதில் ஏமாற்று எண்ணமே தேவையில்லை. பழைய புத்தகத்தைத் திறந்து, ‘இதோ என் பெயர்’ என்று நல்லெண்ணத்தோடு காட்டினாலே போதும்.

எனவே ஆளை உறுதிப்படுத்தும் முறை இப்படிப் போக வேண்டும். ஸ்பானிய வழக்கில் ஒருவருக்குத் தந்தை வழி, தாய் வழி என்று இரண்டு குடும்பப் பெயர்கள் இருப்பது முதல் உதவி. அதோடு தாய் தந்தையர், பதிவில் இருந்தால் தாத்தா பாட்டி, ஞானப்பெற்றோர் பெயர்கள் பொருந்த வேண்டும். பிறகு திருமணப் பதிவு. அதில் எழுதிய வயது இளமையில் சொன்னது. பெருமைக்காகக் கூட்டிச் சொல்லும் பருவம் அதுவல்ல. பிறகு அவருடைய பிள்ளைகளின் பிறப்பு. 1849-இல் பிறந்ததாகச் சொல்பவரின் தலைப்பிள்ளைக்கு 1910-இல் ஞானஸ்நானம் என்றால், அறுபது வயதில்தான் குடும்பம் தொடங்கினாரா என்று கேட்டுத்தானே ஆக வேண்டும். அடுத்து உடன்பிறந்தவர்களை வரிசைப்படுத்துவது. ஒரு தாய் பிள்ளை பெறும் காலம் சுமார் பதினைந்திலிருந்து நாற்பத்தைந்து வயது வரை. பிள்ளைகளுக்கு நடுவே இரண்டு மூன்று ஆண்டு இடைவெளி. இந்த வரிசையில் உட்காராத பதிவு வேறொருவருடையது. கடைசியாகத் தாயின் பிறப்பையே தேட வேண்டும்.

அந்த 121 வயது முதியவர் விழுந்தது இந்தக் கடைசிப் படியில்தான். அவர் பிறந்ததாகச் சொன்ன ஆண்டுக்கு ஐந்து ஆண்டு கழித்துத்தான் அவருடைய தாயே பிறந்திருந்தார். பதிவுகளை அடுக்கியபோது அவருடைய வயது ஏறிய விதமும் தெரிந்தது. 1944-இல் உண்மை வயது 61, சொன்னது 70. ஐந்து ஆண்டு கழித்துச் சொன்னது 80. 1970-இல் உண்மையில் 87, சொன்னது 121.

ஊர் முழுவதற்கும் முடிவு இதேதான். நூறைத் தாண்டியதாகச் சொன்ன 23 பேரை ஆராய்ந்ததில் ஒருவர்கூட நூறைத் தொடவில்லை. அவர்களுடைய உண்மை வயது 75-இலிருந்து 96 வரை, சராசரி 86. கூட்டிச் சொல்வது சுமார் எழுபது வயதில் தொடங்கி, போகப்போக வேகமெடுத்தது. 1978 பிப்ரவரியில் அமெரிக்காவில் நடந்த ஆய்வாளர் கூட்டத்தில் இது வெளிவந்தது. 1979-இல் கட்டுரையாக அச்சேறியது. 1982-இல் வந்த அடுத்த ஆய்வு இன்னும் ஒரு படி போனது: இந்த ஊர்க்காரர்களின் ஆயுள் எதிர்பார்ப்பு அமெரிக்கர்களைவிடக் குறைவு.

எழுபது என்ற எல்லை ஏன் என்பதற்கு எனக்குத் தோன்றும் ஒரு காரணம் உண்டு. ஈக்வடாரில் அரசின் பிறப்புப் பதிவு 1901-இல்தான் தொடங்கியது. 1971-இல் எழுபதைத் தாண்டியவர்கள் எல்லோரும் அதற்கு முன் பிறந்தவர்கள். அவர்களுக்குச் சாட்சி கோயில் பதிவேடு மட்டுமே. ஆனால் அது ஒரு பாதிதான். வயதுக்கு மரியாதை கிடைக்கும் சமூகத்தில் வயதைக் கூட்டுவது இயல்பு. கேமராவோடு வெளிநாட்டவர் வந்து, மூத்தவர் யார் என்று கேட்டு, அவரைத் தேடிப் போய் நிற்கும்போது அந்த இயல்புக்குக் கூலியும் கிடைக்கத் தொடங்கியது.

மக்கள்தொகை ஆய்வாளர்களிடம் வயதுப் பிழையைப் பிடிக்க விப்பிள் குறியீடு என்ற பழைய கருவி உண்டு. 23 வயதிலிருந்து 62 வரை, 0-இலும் 5-இலும் முடியும் வயதுகளில் எத்தனை பேர் குவிந்திருக்கிறார்கள் என்று பார்ப்பார்கள். 100 வந்தால் சுத்தம், 500 வந்தால் எல்லோருமே தோராயமாகச் சொல்கிறார்கள். வில்கபம்பாவில் இந்தக் கருவி உதவாது. பிழை தொடங்கும் எழுபதுக்கு முன்பே அது அளப்பதை நிறுத்திவிடுகிறது. ஊர்க் கணக்கெடுப்பு நம்பகமானது என்று அது சான்று கொடுத்தாலும், மேல்நுனியில் குப்பை இருக்கலாம்.

இதனால் அந்த முதியவர்கள் சாதாரணமானவர்கள் என்றாகிவிடாது. 86 வயதில் சரிவில் ஏறி மக்காச்சோளம் கொத்துபவர் எந்த ஊரிலும் வியப்புக்குரியவர்தான். லீஃப் குறித்த நாளைக்கு ஏறத்தாழ 1,200 கலோரி உணவு ஆரோக்கிய ரகசியமாகப் பரவியது. கூலியில்லா உழைப்பும் வறட்சியும் பார்த்த தலைமுறையின் தட்டில் அதற்கு மேல் என்ன இருந்திருக்கும் என்று கேட்டவர்கள் குறைவு.

பொய் எண் கூட்டி வந்த உண்மை மக்கள்

கட்டுக்கதை உடைந்த பிறகும் ‘நீண்ட ஆயுளின் பள்ளத்தாக்கு’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. அதைக் கேட்டு வந்தவர்களால் ஊரின் மக்கள்தொகை நிஜமாகவே மாறியது. 1990-களின் கடைசியில் வங்கிகள் முடங்கி, 2000-இல் ஈக்வடார் தன் நாணயத்தைக் கைவிட்டு அமெரிக்க டாலருக்கு மாறியபோது, லோஹாக்காரர்கள் பெருமளவில் ஸ்பெயினுக்குப் போனார்கள். இளையவர்களின் இரண்டாவது பெரிய வெளியேற்றம் அது. அதே டாலர், எதிர்த்திசையில் அமெரிக்க ஓய்வூதியக்காரர்களுக்கு வசதியாயிற்று. நாணய மாற்று இழப்பு இல்லை, வாடகை மலிவு, வானிலை விளம்பரத்தில் சொன்னபடியே. சதுக்கத்தைச் சுற்றிய கடைகளின் பலகைகள் ஆங்கிலத்துக்கு மாறின. வாய்க்கால் பாயும் அந்தக் குறுகிய நிலநாடாவில் கரும்பு இருந்த இடத்தில் தோட்ட வீடுகள் எழுந்தன. விலை ஏறியபோது விற்றவர்களுக்கு ஒருமுறை லாபம். விற்றவரின் மகன் அதே ஊரில் மனை வாங்க நினைத்தால் முடியாது.

வந்தவர்களால் ஊருக்குச் சட்ட வரலாற்றிலும் ஓர் இடம் கிடைத்தது. வில்கபம்பாவிலிருந்து கினாராவுக்குப் போகும் சாலையை மாகாண அரசு அகலப்படுத்தியபோது, சுற்றுச்சூழல் ஆய்வு செய்யாமலே வெட்டிய பாறையையும் மண்ணையும் வில்கபம்பா ஆற்றில் தள்ளியது. மேலே சொன்ன அதே தளர்ந்த சரிவு, அதே குறுகிய படுகை. ஆற்றின் வழி நெரிந்தது. 2009 மழையில் வெள்ளம் கரையோர நிலங்களை அறுத்துக்கொண்டு போனது. ஈக்வடாரின் 2008 அரசியலமைப்பு இயற்கைக்கே உரிமை உண்டு என்று சொல்கிறது. கரையில் குடியேறியிருந்த இரண்டு அமெரிக்கர்கள், தங்களுக்கு இழப்பீடு கேட்காமல், ஆற்றின் உரிமையைக் கேட்டு வழக்குப் போட்டார்கள். 2011 மார்ச் 30 அன்று லோஹா மாகாண நீதிமன்றம் ஆற்றின் பக்கம் தீர்ப்பளித்தது. அந்த அரசியலமைப்பின் கீழ் இயற்கை ஜெயித்த முதல் வழக்கு இது. தீர்ப்பை நிறைவேற்றுவது மட்டும் இழுபறியாகவே போனது.

இன்று இந்த ஊரை எண்ணுபவருக்கு 1971-ஐவிடச் சிக்கல் அதிகம். 2010-இல் ஒரே நாள், நவம்பர் 28, எல்லோரும் வீட்டிலேயே இருக்க வேண்டும் என்று உத்தரவு போட்டு, இரவு எங்கே தூங்கினார்களோ அங்கே எண்ணினார்கள். அன்றைக்கு ஊரில் தங்கியிருந்த பயணியும் கணக்கில் வருவார். ஒரு வாரம் லோஹாவுக்கு மருத்துவமனைக்குப் போன கிழவி வரமாட்டார். 2022-இல் வழக்கமாக எங்கே வசிக்கிறார் என்ற அடிப்படைக்கு மாறினார்கள். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்து ஊர் வளர்ந்தது, தேய்ந்தது என்று உடனே சொல்லிவிடக் கூடாது; அளவுகோலே வேறு. தவிர, ஆண்டில் ஐந்து மாதம் இங்கேயும் ஏழு மாதம் கனடாவிலும் இருப்பவரின் வழக்கமான வசிப்பிடம் எது? ஸ்பெயினின் மத்ரிதில் வேலை பார்த்துக்கொண்டு, வில்கபம்பாவில் வீடு கட்டிப் பூட்டி வைத்திருப்பவர் எந்த ஊர்க்காரர்?

இளையவர்கள் போகிறார்கள், முதியவர்கள் வருகிறார்கள் என்பதில் மட்டும் மாற்றமில்லை. முன்பு சரிவுக் குடியிருப்பிலிருந்து இறங்கி வந்தவர்கள் இப்போது விமானத்தில் வருகிறார்கள். இவர்களுடைய வயதைச் சரிபார்க்கக் கோயில் பதிவேட்டைப் புரட்ட வேண்டியதில்லை. கடவுச்சீட்டிலேயே பிறந்த தேதி இருக்கிறது.